சரளைச் சாலையில் கடிகாரம் எதற்கு?

நெவாடா மாநிலத்தின் நடுப்பகுதியில், 50-ஆம் எண் நெடுஞ்சாலைக்கும் 6-ஆம் எண் நெடுஞ்சாலைக்கும் இடைப்பட்ட நிலம் ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப வருவது. டோயாபே, டோகிமா, மானிட்டர் என்று வடக்கு தெற்காக ஓடும் மலைத்தொடர்கள். ஒவ்வோர் இரண்டு தொடருக்கும் நடுவே நீண்டு கிடக்கும் வறண்ட பள்ளத்தாக்கு. தார் போட்ட சாலைகள் மிகக் குறைவு. மற்றவை சரளை, மண், சில இடங்களில் வெறும் சக்கரத் தடம். சுரங்கம் தோண்ட வந்தவர்களும் மாடு வளர்க்க வந்தவர்களும் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவைத்த வழிகள் அவை. 1986-இல் 'லைஃப்' இதழ் இந்த 50-ஆம் எண் சாலையை அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று எழுதியது. அதை விட்டு இறங்கிச் சரளையில் திரும்பினால் அதைவிடத் தனிமை. சம்பளம் வாங்காத தொண்டர்கள் கூடி, இந்த நிலத்தில் பல நாள் ஓடும் மோட்டார் சைக்கிள் ராலியைத் திட்டமிடும் வேலையில் என் காலத்தில் ஒரு நல்ல பங்கு கழிந்தது. வரைபடத்தை விரித்து உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: நேரத்தை அளப்பதா, வேண்டாமா? அளக்கவே கூடாது என்பதுதான் அன்று என் பக்கம். இன்றும் அதுவே. அமெச்சூர் ராலி ஓட்டுநரின் வேகத்தை அளக்கக் கூடாது. அவர் வழி கண்டுபிடிக்கும் திறமையை மட்டும் அளக்க வேண்டும். இதை முதலில் முடிவு செய்துகொண்டால் திட்டத்தின் மற்ற எல்லா முடிவுகளும் நேராகும். இதைத் தள்ளிப்போட்டால் எல்லாமே கோணலாகும்.

நேவிகேஷன் ராலி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநரின் கையில் வரைபடம் இருக்காது. கைப்பிடிக்கு மேலே ஒரு பெட்டி. அதற்குள் ரோட்புக் எனப்படும் காகிதச் சுருள். சுருளில் வரிசை வரிசையாகக் குறிப்புகள். இடப்பக்கக் கட்டத்தில் புறப்பட்ட இடத்திலிருந்து மொத்த தூரமும், முந்தைய குறிப்பிலிருந்து உள்ள தூரமும். நடுக்கட்டத்தில் சந்திப்பின் சிறு படம்: அடியில் உருண்டைப் புள்ளி நாம் வரும் பக்கம், அம்பு நாம் போக வேண்டிய பக்கம். வலக்கட்டத்தில் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டிய அடையாளங்கள், போக வேண்டிய திசைமானி எண், ஆபத்தைக் காட்டும் ஆச்சரியக்குறிகள். ஒரு குறி என்றால் கவனம், இரண்டு என்றால் ஆபத்து, மூன்று என்றால் பேராபத்து. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரும் இந்தச் சுருளும் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டே போக வேண்டும். பொருந்தாத நொடியில் வழி தவறிவிட்டது என்று பொருள். நிலத்தைப் படித்து, காகிதத்தைப் படித்து, இரண்டையும் மனத்தில் சேர்த்துக்கொண்டே பைக்கையும் ஓட்டுவது தனித் திறமை. வேகமாக ஓட்டுவது வேறு திறமை. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் பட்டியலில் இடம் கொடுத்தால் வேகம் மற்றதை விழுங்கிவிடும்.

இந்த விளையாட்டின் உச்சியில் இருக்கும் டக்கார் ராலியின் கதையே இதற்குச் சான்று. அதைத் தொடங்கிய தியெரி சபீன் 1977-இல் அபிஜான்-நீஸ் ராலியில் லிபியப் பாலைவனத்தில் வழி தவறியவர். அந்த அனுபவத்திலிருந்தே 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து முதல் ராலி புறப்பட்டது. வழி தவறுவதும் வழி காண்பதும் அதன் கருவிலேயே இருந்தவை. இயந்திரங்கள் வலுவடைய வலுவடைய அது வேகப் போட்டியாக மாறியது. வசதியுள்ள அணிகள், முந்தைய மாலை கிடைக்கும் ரோட்புக்கை ஆட்களை வைத்து இரவோடு இரவாகச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு, வழியை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடும் நிலை வந்தது. அமைப்பாளர்கள் அதற்கு எதிராகத் திரும்ப வேண்டியதாயிற்று. சவூதி அரேபியாவுக்கு ராலி மாறிய 2020-இல் சில நாட்களுக்கும், 2021-இல் எல்லா நாட்களுக்கும், ரோட்புக்கைக் காலையில் புறப்படுவதற்குச் சற்று முன்புதான் கொடுத்தார்கள். வேகம் குறையட்டும், வழி காணும் திறமைக்கு மதிப்புக் கூடட்டும் என்பதே நோக்கம். 2024-இல் கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா ஷெர்கோ டி.வி.எஸ். அணிக்காக ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தபோது தமிழ்நாட்டிலும் பலர் டக்காரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தவர்கள் மணல்மேட்டில் பறக்கும் பைக்கைப் பார்த்திருப்பார்கள்; அந்த ஓட்டுநர் சில நொடிக்கு ஒருமுறை கண்ணை ரோட்புக்குக்கும் நிலத்துக்கும் மாற்றிக்கொண்டே இருந்தது படத்தில் தெரியாது. ஹெலிகாப்டர்களும் மருத்துவர் குழுவும் தொழில்முறை ஓட்டுநர்களும் உள்ள ராலியே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது என்றால், சொந்த விடுமுறையில் சொந்த பைக்கில் வருபவர்களுக்காக நடத்தும் ராலி அதை முதலிலேயே வெளியே நிறுத்திவிடுவதுதான் நியாயம்.

அதைவிட நெருக்கமான சான்று பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகாஸுக்கு மோஹாவே பாலைவனத்தின் குறுக்கே 1967-இல் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. பெருங்கூட்டம் ஒரே வரிசையில் நின்று, ஒரே கொடியசைப்பில் பாலைவனத்தின் மேல் பாயும். முந்த வேண்டும் என்பதால் ஒருவர் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் புதுத் தடம் போடுவார். ஒற்றைத் தடமாக இருந்தது ஆண்டுதோறும் அகன்றது. 1970-களின் நடுவில் மத்திய அரசின் நில மேலாண்மை அலுவலகம் சுற்றுச்சூழல் சேதத்தைக் காட்டி அனுமதியை நிறுத்தியது. 1983-இல் மீண்டும் கிடைத்தது. 1989 ஓட்டமே கடைசி. 1990-இல் மோஹாவே பாலைவன ஆமை அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்தப் பந்தயம் எழவே இல்லை. ஆனால் அதே பாலைவனத்தின் குறுக்கே, பதிவெண் உள்ள பைக்குகள் ஏற்கெனவே இருக்கும் வழிகளில் இரண்டு நாள் ஓடும் நேரக்கணக்கில்லாப் பயணம், நவம்பர் இறுதியில் வரும் நன்றியறிதல் விடுமுறையை ஒட்டி, பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. பந்தயத்தை ஒழித்தது ஆமைதானே, கடிகாரத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. ஆமை இரண்டு கூட்டத்துக்கும் பொதுவானது. வேறுபாடு தடத்தின் அகலத்தில் இருக்கிறது. முந்துவதற்குக் காரணம் இல்லாதவர் இருக்கிற சாலையை விட்டு விலக மாட்டார். விலகாதவரை ஓடவிடாமல் தடுக்க அதிகாரிக்குக் காரணம் கிடைப்பது கடினம்.

பாதுகாப்புக் கணக்கு இதைவிடக் கடுமையானது. நெவாடாவின் 6-ஆம் எண் சாலையில் டோனபாவுக்கும் ஈலிக்கும் இடையே சுமார் 270 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் இல்லை. டோனபாவில் இருந்த ஒரே மருத்துவமனை 2015 ஆகஸ்டில் மூடப்பட்டது. அப்போது அவ்வூர்க்காரர்களுக்கு மிக அருகில் இருந்த மருத்துவமனையே 160 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. கடுமையான காயங்களுக்கான உயர்நிலைச் சிகிச்சை வேண்டுமென்றால் ரீனோவுக்கோ லாஸ் வேகாஸுக்கோதான் போக வேண்டும். மானிட்டர் பள்ளத்தாக்கின் நடுவில் தொடை எலும்பு முறிந்து கிடப்பவருக்கு இந்த தூரங்கள் என்ன செய்யும் என்பதை ஒவ்வொரு குறிப்பையும் எழுதும்போது நினைத்துக்கொள்ள வேண்டும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் கூடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போனவர் 90-க்கு ஏறினால் அந்தத் தூரம் இரண்டே கால் மடங்கு. சரளையில் டயருக்குப் பிடிப்புக் குறைவு என்பதால் அந்த இரண்டே கால் மடங்கு ஏற்கெனவே நீண்ட ஒரு தூரத்தின் மேல் ஏறுகிறது. இந்தச் சாலைகள் மூடப்பட்ட பந்தயத் தடங்களும் அல்ல. மேட்டின் மறுபக்கம் வைக்கோல் ஏற்றிய லாரி வரலாம், நின்றபடி மாடுகள் இருக்கலாம். நெவாடாச் சட்டப்படி திறந்த மேய்ச்சல் நிலத்தில் மாட்டைச் சாலையிலிருந்து தள்ளி வைக்கும் கடமை உரிமையாளருக்கு இல்லை. மோதினால் இழப்பு மோதியவருடையது. 2010 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் லூசர்ன் பள்ளத்தாக்கு அருகே பொதுநிலத்தில் நடந்த ஒரு பாலைவனப் பந்தயத்தில், தடம் விலகிய வாகனம் கூட்டத்தில் புகுந்து 8 பார்வையாளர்கள் இறந்தார்கள். அது மோட்டார் சைக்கிள் அல்ல, பெரிய வாகனம்தான். ஆனால் அதற்குப் பிறகு பொதுநிலத்தில் வேகப் போட்டி என்ற சொல்லைக் கேட்கும் எந்த அதிகாரியும் அந்த இரவை நினைக்காமல் இருக்க முடியாது. நினைக்க வேண்டியதும் சரியே.

கடிகாரத்தை எடுத்துவிட்டால் திட்டமிடும் வேலை யாரை மையமாக வைக்க வேண்டும் என்பது தானாகவே மாறுகிறது. நேரப் போட்டியில் எல்லாக் கணக்கும் முதலில் வருபவரைச் சுற்றி நடக்கும். நேவிகேஷன் ராலியில் கடைசியாக வருபவரைச் சுற்றி நடக்க வேண்டும். பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். சுஸுகி டி.ஆர்.650 போன்ற வண்டியின் தொட்டி சுமார் 13 லிட்டர். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றால் 260 வரும். மணலும் ஏற்றமும் தவறான திருப்பங்களும் அதில் ஒரு பங்கைத் தின்னும். அதனால் இரண்டு பெட்ரோல் நிறுத்தங்களுக்கு நடுவே 200 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இன்னும் சிறிய தொட்டிக்காரர்கள் கூடுதல் கேன் கட்டிவர வேண்டும் என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். வழி தவறி 30 கிலோமீட்டர் சுற்றுவது நேவிகேஷன் ராலியில் விபத்தே அல்ல, விளையாட்டின் பகுதி. அதற்கான பெட்ரோலைக் கணக்கில் வைக்காத திட்டம் அரைகுறைத் திட்டம். பருவமும் அப்படித்தான். உயரமான கணவாய்களில் பனி ஜூன் வரைகூடத் தங்கும். ஜூலை முதல் மாலை இடிமழை வரும். மழை பட்ட களிமண் சக்கரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நகரவிடாது. அக்டோபரில் வேட்டைக்காரர்களின் வண்டிகள் எல்லாக் குறுக்குவழிகளிலும் நிற்கும். மிஞ்சுவது செப்டம்பரின் கடைசி வாரங்கள். மாலையில் மேற்கு நோக்கிப் போகும் நீண்ட பள்ளத்தாக்குச் சாலையைத் திட்டத்தில் வைக்கவே கூடாது. தாழ்ந்த வெயிலும் முன்னால் போனவரின் புழுதியும் சேர்ந்தால் எந்தக் குறிப்பும் கண்ணுக்குத் தெரியாது.

ரோட்புக் எழுதுவதுதான் இந்த வேலையின் உயிர்; அமைப்பாளரின் உழைப்பில் பெரும்பங்கு அங்கேதான் போக வேண்டும். முதல் பயணம் வழியைத் தேர்ந்தெடுக்க, இரண்டாவது குறிப்பு எழுத, மூன்றாவது எழுதியதைச் சரிபார்க்க. அந்த மூன்றாவது பயணத்தை எழுதியவர் போகக் கூடாது என்பதில் நான் எப்போதும் பிடிவாதமாக இருந்தேன். எழுதியவருக்கு வழி தெரியும்; தெரிந்தவரின் கண் காகிதத்தில் இல்லாததையும் படித்துவிடும். தேய்ந்த டயர், குறைந்த காற்று என்று ஒவ்வொரு வண்டியின் மீட்டரும் கொஞ்சம் வேறாகக் காட்டும். நூற்றுக்கு ஒரு பங்கு பிசகினால் 100 கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போகும், அதற்குள் இரண்டு சந்திப்புகள் கடந்திருக்கும். எனவே 20, 30 கிலோமீட்டருக்கு ஒருமுறை யாரும் தவறவிட முடியாத ஓர் அடையாளம் வேண்டும்: பெயர்ப்பலகை உள்ள சந்திப்பு, அல்லது மாடு தாண்டாதபடி சாலைக்குக் குறுக்கே பள்ளத்தின் மேல் பதித்த இரும்புக் கம்பிகள். ஓட்டுநர் அங்கே மீட்டரைத் திருத்திக்கொள்வார். கடைசிச் சரிபார்ப்பு ராலிக்கு மிக அருகில் நடக்க வேண்டும். சரளையின் மேல் எழும் அலை அலையான வரப்புகள் உருளும் சக்கரம் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டும்போது தாமாகவே உருவாகின்றன என்று 2007-இல் வெளியான ஓர் இயற்பியல் ஆய்வு பரிசோதனை செய்து காட்டியது. அந்த வேக எல்லை மிகக் குறைவு. அதாவது எந்தச் சாலையும் எழுதிய நாளில் இருந்தபடி இருக்காது. ஒரே மழையில் ஓடை சாலையை அறுத்துக்கொண்டு போயிருக்கும்.

ரோட்புக் எழுதுபவர் மீற முடியாத விதி ஒன்று உண்டு: புதிரும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. மூன்று வழி பிரியும் சந்திப்பில் சரியான வழியைக் கண்டுபிடிக்க ஓட்டுநர் காகிதத்தைக் குனிந்து பார்ப்பார். அந்தச் சந்திப்புக்கு முன்னும் பின்னும் கொஞ்ச தூரத்துக்குச் சாலை எந்த வஞ்சனையும் செய்யாததாக இருக்க வேண்டும். ஆபத்து இருக்கும் இடத்தில் குறிப்பு அப்பட்டமாக, முன்கூட்டியே, பெரிதாக இருக்க வேண்டும். இப்படி எல்லாவற்றையும் எச்சரித்துவிட்டால் சாகசம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். குழியில் விழுவதில் சாகசம் எதுவும் இல்லை. பத்து சக்கரத் தடங்கள் பிரியும் வறண்ட ஏரிப் படுகையில் திசைமானி எண் ஒன்றை மட்டும் நம்பிப் போய் மறுகரையில் சரியான வேலிக் கதவைக் கண்டுபிடிப்பது சாகசம். அதை அனுபவிக்க ஓட்டுநர் முழு உடலோடு மறுகரை சேர வேண்டும்.

நேரமே இல்லாவிட்டால் அது ராலியா, உல்லாசப் பயணமா என்பது நான் அடிக்கடி கேட்ட எதிர்வாதம். அதில் நியாயமான ஒரு கவலை இருக்கிறது: மதிப்பெண் இல்லாத இடத்தில் கவனம் தளரும். ஆனால் மதிப்பெண்ணுக்கு நேரம்தான் அளவுகோல் என்று யார் சொன்னது? வழியில் மறைவான புள்ளிகள் வைக்கலாம். சரியான வழியில் வந்தவருக்கு மட்டும் தெரியும் கைவிட்ட சுரங்கத்தின் முகப்பில், பழைய தண்ணீர்த் தொட்டியின் அருகில், ஓர் எழுத்துப் பலகை வைத்து அந்த எழுத்தை அட்டையில் எழுதி வரச் சொல்லலாம். ஒவ்வொரு புள்ளியின் சிறு வட்டத்துக்குள் பைக் போனதா என்பதைத் தடப்பதிவுக் கருவி காட்டிவிடும். தவறவிட்ட புள்ளிக்கு மதிப்பெண் குறையும். தவறைக் கண்டுபிடித்துத் திரும்பி வந்து புள்ளியைத் தொட்டவருக்கு ஒன்றும் குறையாது. இந்தக் கடைசி விதிதான் எனக்கு மிகப் பிடித்தது. நேரக்கணக்கில் தண்டிக்கப்படும் நேர்மையான திருத்தத்தை அது பாராட்டுகிறது. ஒரு நாள் முடிவில் எல்லாப் புள்ளிகளையும் தொட்டவர்கள் சிலர்தான் இருப்பார்கள். வேகமான ஓட்டுநர்கள் பெரும்பாலும் அந்தச் சிலரில் இருப்பதில்லை.

கடிகாரம் இல்லாவிட்டாலும் ஆண்கள் கூடினால் பந்தயம் ஓடத்தான் செய்வார்கள் என்பது அடுத்த எதிர்வாதம். உண்மைதான், பெண்களும் ஓடுவார்கள். அதைத் தடுப்பது அறிவுரையால் நடக்காது, அமைப்பால் நடக்கும். ஒவ்வொருவரையும் இரண்டு நிமிட இடைவெளியில், சீட்டுக் குலுக்கிய வரிசையில் அனுப்பினால், முன்னால் போனவரின் புழுதியைத் துரத்துவதில் பொருள் இல்லாமல் போகும். ஊர், பண்ணைவீடு, மந்தை வரும் இடங்களில் வேக எல்லை வைத்து, மீறியதைத் தடப்பதிவுக் கருவி காட்டினால் ஒரு புள்ளியைத் தவறவிட்டதைவிட அதிக மதிப்பெண்ணைக் குறைக்கலாம். குறிப்புகளை நெருக்கமாக வைத்தாலே வேகம் தானாகக் குறையும். அரைக் கிலோமீட்டருக்கு ஒருமுறை காகிதத்தைப் படிக்க வேண்டியவர் பறக்க முடியாது. நீளமான நேர்சாலையில் குறிப்பே இல்லாமல் விடுவதுதான் அமைப்பாளர் தன் கையாலேயே பந்தயத்துக்கு அழைப்பது.

கைபேசியில் வரைபடம் இருக்கும்போது காகிதம் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். கைபேசியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியேறும் வழிகள், பெட்ரோல் இடங்கள், அன்றைய முகாம் ஆகியவற்றின் ஜி.பி.எஸ். கோப்பு ஒவ்வொருவரிடமும் இருந்தே ஆக வேண்டும். தொலைபேசிக் கோபுரம் எட்டாத அந்தப் பள்ளத்தாக்குகளில் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவி இல்லாமல் யாரையும் புறப்படவிடக் கூடாது. கூட்டத்தின் கடைசியில் வரும் தொண்டர், விலகியவர் எவர் என்று தெரிந்துகொள்ளாமல் முகாமுக்குத் திரும்பக் கூடாது. இவை பாதுகாப்பு. ஆனால் திரையில் ஓடும் கோட்டைத் தொடர்பவர் அந்தக் கோட்டை மட்டுமே பார்க்கிறார். காகிதம் அவரை நிலத்தைப் பார்க்கச் சொல்கிறது: இடப்பக்கம் இடிந்த கல்வீடு, வலப்பக்கம் காற்றாலை, ஓடையைத் தாண்டியதும் மெலிந்த தடம். நாள் முடிவில் அவருக்கு டோகிமா மலைத்தொடர் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியும். ராலி கொடுக்க வேண்டியது அந்த அறிவைத்தான்.

கடைசியாக அனுமதி. நெவாடாவில் நிலத்தின் பெரும்பங்கு மத்திய அரசுடையது. அதில் பெரும்பகுதி நில மேலாண்மை அலுவலகத்தின் கையில். சமதளத்தில் அந்த அலுவலகம், மலையில் வனத்துறை, இடையிடையே தனியார் நிலம். வனத்துறை நிலத்தில் வணிக நோக்கமில்லாக் கூட்டமும்கூட 75 பேரை எட்டினால் அனுமதி வாங்க வேண்டும். வரைபடத்தில் கோடு இருப்பதால் பொது வழி என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. இந்தத் தடங்களில் பலவற்றின் உரிமை 1866-இல் போட்டு 1976-இல் நீக்கிய ஒரு சட்டத்திலிருந்து கிளைத்து, இன்றும் வழக்குகளில் இழுபடுவது. கடிகாரம் இல்லை என்பதால் அனுமதியே தேவையில்லை என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். பெயர் பதிந்து, குறித்த வழியில், ஒருவரோடொருவர் மதிப்பெண்ணில் மோதுவதை அலுவலகம் போட்டி என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மேசையின் முன் உட்காரும்போது, எங்கள் ராலியில் வேகத்துக்கு மதிப்பெண் இல்லை, வேகத்துக்குத் தண்டனை உண்டு என்று விதிப்புத்தகத்தைக் காட்ட முடிந்தால் பேச்சு வேறு விதமாகத் தொடங்கும். பண்ணைக்காரரின் வாசலில் நின்று, உங்கள் வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்வோம் என்று சொல்வதற்கும் அதே விதிதான் துணை. இப்படி ஒரு ராலியை நடத்த நினைப்பவர்கள் விதிப்புத்தகத்தை முதலில் எழுதுங்கள், வரைபடத்தை அதற்குப் பிறகு விரியுங்கள். நில மேலாண்மை அலுவலகத்துக்கு விண்ணப்பம் 180 நாட்களுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். செப்டம்பர் இறுதியில் ஓட்ட வேண்டுமென்றால் மார்ச் மாதத்துக்குள்.